மதம் மாறவில்லை, ஊர் மாறிவிட்டோம்!

புதிய கல்வியாண்டு பிறந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தத் தெருவிலேனும் நின்று பார்ப்பவர், வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய வான்களும் முச்சக்கர வண்டிகளும் நகரை நோக்கி விரைவதைக் காண்பர். அவ்வாகனங்கள் ஒவ்வொன்றும் நான்கைந்து பாடசாலை வாசல்களைத் தாண்டியே செல்கின்றன. அவ்வாசல்களிலும் மணி அடிக்கிறது. அங்கும் ஆசிரியர் நிற்கின்றனர். அங்கும் பிள்ளைகள் கைகூப்பித் தேவாரம் பாடுகின்றனர். ஆனால் வான்கள் அங்கே நிற்பதில்லை.

அவ்வாறு நில்லாமற் போகும் வாகனங்களுள் என்னுடையதும் ஒன்று. ஏழாண்டுகளாக என் மகளை நகரத்திலுள்ள ஒரு கிறிஸ்தவத் தனியார் பாடசாலையிலே கொண்டுபோய் விட்டு வருகின்றேன். ஆகவே இக்கட்டுரையை ஒரு வழக்குரைஞனின் வாதம் என்று மாத்திரம் வாசகர் கொள்ளவேண்டாம். குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாக்குமூலமாகவும் இதனைக் கொள்க.

கமக்காரர் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டின் இறுதியிலே எமது ஊர்ப் பாடசாலை முன்றிலில் ஒரு கூட்டம் நடந்தது. முதலாம் வகுப்பிலே சேர்வதற்கு எட்டுப் பிள்ளைகளே பெயர் பதிந்திருந்தனர். பாடசாலை மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் ஊராரைப் பிடித்திருந்தது. நான் எழுந்து பேசினேன். மொழியைப் பற்றிப் பேசினேன். இனத்தைப் பற்றிப் பேசினேன். ஊர்ப் பாடசாலை மூடப்படுமாயின் ஊரின் உயிர்நாடியே அறுந்துபோகும் என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. அதன்பின் கடைசி வாங்கிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். வெங்காயமும் புகையிலையும் பயிரிடுபவர். காணி வழக்கொன்றிலே என் கட்சிக்காரர்.

"அப்புக்காத்து ஐயா, குறை நினையாதையுங்கோ. இந்தப் பள்ளிக்கூடம் அவ்வளவு திறமெண்டால், உங்கடை பிள்ளை ஏன் இஞ்சை படிக்கேல்லை?"

இருபதாண்டுகளாக நீதிமன்றங்களிலே பிறரைக் குறுக்கு விசாரணை செய்து பழகியவன் நான். அன்று ஒரு கமக்காரரின் ஒரே கேள்விக்கு விடை கூற மாட்டாது நின்றேன்.

விடைகள் இல்லாமலில்லை. நம்மவர் வழக்கமாகக் கூறும் விடைகள் இரண்டு என் நாவின் நுனியிலே இருந்தன. "மிஷன்காரர் இருநூறு ஆண்டுகளாக எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள், நாம் என்ன செய்வது?" என்பது ஒன்று. "அரசாங்கம் ஊர்ப் பாடசாலைகளைக் கைவிட்டுவிட்டது, நாம் என்ன செய்வது?" என்பது மற்றையது. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. இரண்டும் "நாம் என்ன செய்வது?" என்று முடிவதனாலேயே இரண்டும் பொய்யாகின்றன.

மிஷன்மீது பழிபோடுவோர்க்கு

அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823 இலே வட்டுக்கோட்டையிற் செமினறியைத் தொடங்கினர். 1824 இலே உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று நம் திண்ணைகளிலே பெரியோர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சமயம் பரப்புவதே தம் நோக்கம் என்பதை அவர்கள் ஒருபோதும் மறைத்ததில்லை. நம்மவரும் அதை அறியாமற் போகவில்லை. கல்வியை வாங்கிக்கொண்டு சமயத்தை வாசலிலே விட்டுவந்தோர் பலர். வட்டுக்கோட்டைச் செமினறி 1855 இலே மூடப்பட்டதற்குரிய காரணங்களுள் ஒன்று, ஆங்கிலம் கற்று உத்தியோகம் தேடுவோரையே அது பெருக்குகிறது என்று மிஷனின் மேலிடம் கருதியமையாகும்! அச்செமினறியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார், சைவத்துக்கு மீண்டார், கலித்தொகையை 1887 இலே அச்சேற்றித் தமிழுக்கு அளித்தார். அவரை உருவாக்கிய கல்வியைச் சதி என்று மாத்திரம் சொல்லித் தள்ளிவிட முடியுமா?

மிஷனை எதிர்த்தவருள் தலையாயவர் ஆறுமுக நாவலர். அவரும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றவர், அங்கே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பின்பு வெளியேறினார். வெளியேறியவர் வீட்டிலிருந்து சபித்துக்கொண்டிருந்தாரா? 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடம் எழுதினார். அச்சியந்திரம் வாங்கினார். பிடியரிசி சேர்த்துப் பாடசாலையை நடத்தினார். நாவலரின் எதிர்ப்பு என்பது ஒரு பாடசாலை. இன்று அவர் பெயரை மேடையிலே முழங்கிவிட்டு, மறுநாட் காலை மிஷன் பாடசாலையின் விண்ணப்பப் படிவத்துக்கு வரிசையில் நிற்பவரின் எதிர்ப்பு எத்தகையது? அது வெறும் ஓசை.

இன்னுமொரு கசப்பான உண்மையையும் மறைத்தல் தகாது. நாவலரும் சாதி வரம்பைத் தாண்டினாரல்லர். 1930 ஆம் ஆண்டளவிலே, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, குடாநாட்டிலே பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையாகின. தீயிட்டவர் கடல்கடந்து வந்த பாதிரிமார் அல்லர், நம் ஊரவர். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கிலே அமர்ந்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்த சமூகம், தன் கல்வியை மற்றவன் பறித்தான் என்று வழக்காட வருவதற்குமுன் தன் கையைக் கழுவிக்கொண்டு வரவேண்டும்.

கிறிஸ்தவரை அந்நியரென்று பேசுவோரிடம் ஒன்று கேட்கிறேன். 1924 இலே பிறந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை முன்னின்று நடத்தி, சாதியையும் அடிமைத்தனத்தையும் ஒருங்கே எதிர்த்த ஹண்டி பேரின்பநாயகம் எம்மரபிலே வந்தவர்? யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்பித்த அவரே பின்னாளிலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். சைவரே பெரும்பான்மையாகவுள்ள காங்கேசன்துறைத் தொகுதி 1975 இடைத்தேர்தலிலே பெருவெற்றி அளித்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செல்வநாயகம் எச்சமயத்தவர்? அம்மக்கள் அவரிடம் சமயம் கேட்டார்களா? இந்த இனத்தைச் சமயத்தாற் கூறுபோட முனைவோர் எந்தக் கொடியின்கீழ் வரினும் அவர்கள் நம் பகைவரின் வேலையையே செய்கின்றனர்.

என் மகளின் வழக்கு

என் வீட்டிலிருந்தே சாட்சியம் கூறுகின்றேன். ஏழாண்டுக் கிறிஸ்தவக் கல்வி என் மகளை என்ன செய்தது? ஞானப்பாட்டும் பாடுகிறாள், வெள்ளிக்கிழமையில் வீட்டிலே தேவாரமும் பாடுகிறாள். ஒழுங்கு கற்றாள், பேசக் கற்றாள், அவளது ஆசிரியைகளுக்கு நான் நன்றியுடையேன். அவள் மதம் மாறவில்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கையிலே வசிக்கும் தன் வயதுப் பிள்ளைகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. எங்கள் கோயிற் கேணியடியிலே விளையாடும் பிள்ளைகள் அவளைக் கண்டால் விலகி வழிவிடுகின்றனர். அவள் தலைகுனிந்து கடந்து செல்கிறாள். எனக்கு வழக்குத் தந்த கமக்காரரின் பேத்தியும் என் மகளும் ஒரே ஆண்டிலே பிறந்தவர்கள். ஒரே வீதியிலே வளர்பவர்கள். இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மதம் மாறவில்லை, ஊர் மாறிவிட்டாள். மாற்றியவர் பாதிரியார் அல்லர். நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு வாகனத்தின் கதவைத் திறந்து பிடித்த அவளது தந்தை.

தனியார் பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை

சிறுபான்மைச் சமயத்தவர் தம் பாடசாலையைத் தாமே நடத்துவதற்குரிய உரிமையை நான் மறுப்பவனல்லன். தம் சபைப் பிள்ளைகளுக்கு முதலிடம் அளிப்பதும் அவர்களின் நியாயமே. ஆனால் இப்பாடசாலைகளுட் பலவற்றின் ஆசிரியர்களுக்கு இன்று பொதுப்பணத்திலிருந்தே சம்பளம் வழங்கப்படுகிறது. பொதுப்பணம் வாங்குமிடத்திலே பொதுமக்களுக்குப் பதில் கூறும் கடமையும் உண்டு.

ஏழாண்டுகளுக்குமுன் நேர்முகத்துக்குச் சென்ற நாளை நான் மறக்கவில்லை. பாடசாலையின் பெயரைக் கூறேன். இவ்வழக்கு ஒரு பாடசாலையின் வழக்கன்று. எனக்கு முன்னே ஒரு மேசன் தொழிலாளி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு தன் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனவர் சில நிமிடங்களில் வெளியே வந்தார். பையன் "அப்பா, எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். தந்தை விடை கூறவில்லை. அடுத்து நான் உள்ளே போனேன். பிள்ளையிடம் இரண்டு கேள்விகள்; என்னிடம் ஒரே கேள்வி. "கட்டட நிதிக்கு உங்களால் எவ்வளவு முடியும்?" கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. சட்டம் பயின்றவன் பற்றுச்சீட்டுக் கேளாமற் பணம் கொடுத்தான் என்றால், தான் செய்வது இன்னதென்று அவன் அறிந்தே செய்தான் என்பதுதான் பொருள்.

சிறு பிள்ளைகள் தம்மிடம் வருவதைத் தடுக்கவேண்டாம் என்று கூறியவரின் பெயரால் நடக்கும் தாபனத்தின் வாசலிலே ஓர் ஏழைப் பிள்ளை திருப்பி அனுப்பப்படுவது எத்துணைப் பெரிய முரண்! இதை அச்சபையைச் சேர்ந்த நல்லோரே முதலிற் கேட்கவேண்டும். நான் அறிந்த குருமார் பலர் இது பற்றி என்னைவிட மனம் நொந்திருக்கின்றனர்.

அரசாங்கம் செய்ததும் செய்யாததும்

1945 இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கையிலே சேர்த்தன. கிறிஸ்தவப் பாடசாலைகளோடு, வழக்கறிஞர் இராசரத்தினம் முன்னின்று 1923 இலே தோற்றுவித்த சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் போயின. ஊரவன் எழுதிக்கொடுத்த காணி, ஊரவன் சுமந்த கல், ஊரவன் அளித்த பிடியரிசி யாவும் அரசாங்கச் சொத்தாயின. நகரத்துப் பெரும் மிஷன் கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றன. திருச்சபையும் பழைய மாணவரும் அவற்றைத் தாங்கினர். ஊர்ப் பாடசாலைக்கு அவ்வாறு தாங்குவோர் இலர். அன்றுதொட்டு, ஊர்ப் பாடசாலை யாருடையது என்று கேட்டால், அரசாங்கத்தினுடையது என்று ஊரார் கூறுகின்றனர். ஊரார்தாம் அக்கறை கொள்வதில்லை என்று அரசாங்கம் கூறுகிறது. இருவருக்குமிடையிலே கூரை ஒழுகுகிறது.

இச்சட்டத்தின் விசித்திரத்தையும் பாருங்கள். ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் கம்பனி தொடங்குவதற்குத் தடையில்லை! ஆகவே "சர்வதேசப் பாடசாலை" என்ற பெயர்ப்பலகையோடு கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிந்துகொண்டு கல்வி விற்பனை நடக்கிறது. பிடியரிசியாற் பாடசாலை நடத்த விரும்பும் ஊரவனுக்குச் சட்டத்தின் கதவு பூட்டு. பணமூட்டையோடு வருபவனுக்குப் பக்கவாசல் திறப்பு.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை விரித்துப் படியுங்கள். எல்லா மட்டங்களிலும் கல்விக்குச் சமமான வாய்ப்பை யாவருக்கும் உறுதிசெய்தல் அரசின் இலக்கு என்று 27 ஆம் உறுப்புரை கூறுகிறது. சற்றுக் கீழே 29 ஆம் உறுப்புரை, இக்கோட்பாடுகள் சட்ட உரிமை எதனையும் அளிக்கமாட்டா என்று பூட்டுப் போடுகிறது. கையிலே தந்து பையிலே பறிப்பது இதுதான். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணத்துக்குக் கல்வி வந்தது என்றார்கள். பெரிய பாடசாலைகள் தேசியப் பாடசாலைகள் என்ற பெயரிற் கொழும்பின் கீழேயே இருந்தன. 2013 இலே தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபரிலே காலாவதியானது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடைபெறவில்லை. ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டுமென்று தான் தெரிந்தனுப்பிய ஒருவரிடம் கேட்கும் உரிமைகூட அத்தனை காலமும் கமக்காரனுக்கு இல்லாமற் போயிற்று.

பாடசாலை சாவது எப்படி?

அரசாங்கத்தின் குற்றத்தைக் கூறினேன். அதனால் நம் குற்றம் கழுவப்படாது. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஊர்களை வெறுமையாக்கியமை மெய். எனினும், பிள்ளைகள் இருக்கும் ஊர்களிலும் பாடசாலைகள் வற்றிப்போகின்றனவே, அது ஏன்?

ஊர்ப் பாடசாலை ஒரே நாளிற் சாவதில்லை. முதலிலே வைத்தியரின் பிள்ளை போகிறது. அடுத்து அப்புக்காத்தின் பிள்ளை. பின்பு எந்திரியின் பிள்ளை. பின்பு அதே பாடசாலையிலே கற்பிக்கும் ஆசிரியரின் பிள்ளை! தான் சமைத்த சோற்றைத் தன் பிள்ளைக்குக் கொடாத சமையற்காரனைப்பற்றி ஊர் என்ன நினைக்கும்? அதன்பின் வங்கியில் நகையை அடகுவைத்தேனும் வான்கூலி கட்டக்கூடிய கமக்காரரின் பிள்ளை போகிறது. எஞ்சியவருள் கெட்டிக்காரப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கொண்டுபோகிறது. இறுதியிலே, போக வழியற்ற பிள்ளைகள் மாத்திரம் வாங்குகளிலே இருக்கின்றனர்.

பிள்ளையோடு வேறொன்றும் வெளியேறுகிறது. கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஆறு மாதம் கடந்தும் பதிலாள் வரவில்லையென்றால், வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதக்கூடியவர் யார்? பணிப்பாளரின் அறைக்குள் அஞ்சாமல் நுழையக்கூடியவர் யார்? அவர்கள் யாவரும் நகரத்துப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்திலே இருக்கின்றனர். அரசாங்கம் கவனியாமையால் நாம் விலகினோம் என்கிறோம். நாம் விலகினமையாலேதான் அரசாங்கத்தாற் கவனியாதிருக்க முடிகிறது.

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அடுத்த வீட்டு வான் வந்து நிற்கிறது என்பதற்காக ஒரு போக வெங்காயத்தின் விலையை வான்கூலிக்கும் ரியூசனுக்கும் கொட்டுகிறீர்கள். நாங்கள் செய்வதைப் பார்த்தே நீங்கள் செய்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆயினும் உங்கள் பாட்டன் காணி கொடுத்த பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஆண்டில் ஒருமுறையேனும் போனதுண்டா?

என் தீர்மானம்

என் மகன் இவ்வாண்டு முதலாம் வகுப்புக்குரியவன். அவனை ஊர்ப் பாடசாலையிலே சேர்க்கப்போகிறேன் என்று வீட்டிலே கூறியபோது என் மனைவி கேட்டார்: "நீங்கள் தேர்தலிலை தோத்தால் அடுத்த தேர்தல் வரும். பிள்ளைக்கு முதலாம் வகுப்புத் திரும்ப வருமோ?"

இக்கேள்வியும் கமக்காரரின் கேள்விக்கு நிகரானது. இதற்கு முழுமையான விடை என்னிடம் இன்றுமில்லை. தந்தையின் கொள்கைக்குப் பிள்ளையைப் பணயம் வைத்தல் தகுமா என்பது நியாயமான வினா. நான் கூறியது ஒன்றே: "எட்டுப் பிள்ளைகளின் தாய்மார் நாள்தோறும் அதே பணயத்தை வைக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்டதில்லை." மூன்று நாள் வீட்டிலே பேச்சில்லை. நான்காம் நாள் அவரே மகனுக்குச் சீருடை தைக்க அளவெடுத்தார். என் மகளை நான் இடையிலே பிடுங்கவில்லை. வேரோடிய பயிரைப் பிடுங்கி நடும் பேதைமை எனக்கு வேண்டாம். இந்த அரைகுறைத் தன்மையை எவரேனும் எள்ளினால் ஏற்றுக்கொள்கின்றேன்.

ஆண்டு தொடங்கிய நாளிலே எமது ஊரின் முதலாம் வகுப்பிலே பதினொரு பிள்ளைகள் இருந்தனர். என் மகன் ஒருவன். எங்கள் கூட்டத்தின்பின் மனம் மாறிய ஓர் ஆசிரியையின் மகள் ஒருத்தி. தாதியொருவரின் மகன் ஒருவன். மூன்று பிள்ளைகளால் ஒரு பாடசாலை பிழைத்துவிடாது என்பதை அறிவேன். ஆனால் ஆங்கில ஆசிரியர் வேண்டுமென்று நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்திலே இம்முறை பெற்றோர் என்ற முறையில் என் கையொப்பமும் இருக்கிறது. அதைக் குப்பைக்கூடையிலே போடுவது சற்றுக் கடினம்.

நாம் கேட்பவை

பொதுப்பணத்திலே சம்பளம் பெறும் தனியார் பாடசாலை ஒவ்வொன்றும் தன் அனுமதி விதிகளை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். அனுமதி நாளிலே நன்கொடைப் பேச்சே எழலாகாது. அங்கு பயிலும் சைவப் பிள்ளைக்குச் சைவநெறியும், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாமும் உரிய ஆசிரியராற் கற்பிக்கப்படவேண்டும்; அதுபோலச் சைவப் பாடசாலையிலே பயிலும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும். ஊர்ப் பாடசாலையின் ஆசிரியர் வெற்றிடத்தைக் காலவரையறைக்குள் நிரப்பும் கடமையை அரசாங்கம் சட்டத்தால் ஏற்கவேண்டும்.

இவை பிறரிடம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்கவேண்டியது வேறு. தமிழ்க் கல்வியைப்பற்றி மேடையேறிப் பேசுவோர், எக்கட்சியினராயினும், தம் பிள்ளை எப்பாடசாலையிற் பயில்கிறது என்பதை முதலிலே கூறிவிட்டுப் பேசட்டும். உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பட்டும். அது முடியாதவர், தாம் தாண்டிச் செல்லும் வாசல்களுள் ஒன்றிலே வாரத்தில் ஒரு மணிநேரம் இறங்கிக் கணிதமோ ஆங்கிலமோ கற்பிக்கட்டும். பிடியரிசி கொடுத்த கை நம் பாட்டியின் கை. அந்தக் கை நமக்கும் உண்டு.

அன்று கமக்காரர் கேட்ட கேள்வி எனக்கு மாத்திரம் உரியதன்று. வாசகரே, நாளைக் காலை ஆறரை மணிக்கு உமது வாகனமும் புறப்படும். எந்த வாசலிலே அது நிற்கப்போகிறது?